ஆணிப் புளியும் மூன்று வினாக்களும்

1

தகவல் பெறும் உரிமைச் சட்டம், பிரிவு 7, உட்பிரிவு 1: மனு கிடைத்த முப்பது நாட்களுக்குள் பொதுத் தகவல் அலுவலர் கேட்ட தகவலைத் தர வேண்டும், அல்லது தர மறுப்பதற்கான காரணத்தைத் தெரிவிக்க வேண்டும். முப்பது நாளில் பதில் இல்லையென்றால் மறுத்துவிட்டதாகவே பொருள் என்கிறது அடுத்த உட்பிரிவு. பிரிவு 3 இன்னொன்றும் சொல்கிறது. இந்த உரிமை குடிமக்களுக்கு மட்டும்.

கனடாவின் மேற்குக் கரைக்கு வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் இந்த நாட்டுக் குடியுரிமையை நான் வாங்கவில்லை. என் மகள் கவிதா ஒவ்வோர் ஆண்டும் ஏன் என்று கேட்பாள். வாங்கிவிட்டால் அங்கே மனுப் போட முடியாதம்மா என்பேன். யாருக்கு மனுப் போடப் போகிறீர்கள் என்று சிரிப்பாள். இந்த ஆண்டு போட வேண்டி வந்தது.

நான் சேலம் மாவட்டத்தில் வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். மனுக்களுக்குப் பதில் எழுதும் முறையும் தெரியும். பதில் எழுதாமலிருக்கும் முறையும் தெரியும். இந்த மனு சாலைப் பணிகளைப் பார்க்கும் ஓர் அலுவலகத்துக்குப் போனது. எந்த அலுவலகம் என்பது வேண்டாம். மூன்றே வினாக்கள். ராசிபுரம் பக்கம் சாலையை அகலப்படுத்த அறுக்கப்பட்ட புளியமரம் ஒன்றின் அடிமரம் இப்போது எங்கே உள்ளது? அதில் இரும்பு ஆணிகள் உள்ளனவா? இருந்தால், அவற்றை உறவினர் எடுத்துக்கொள்ள அனுமதி உண்டா?

ஆணிக்கு ஏது உறவினர் என்று அந்த அலுவலகத்தில் யாராவது குழம்பியிருப்பார்கள். உங்களுக்குச் சொல்கிறேன்.

2

ஓய்வு பெற்றவனுக்கு இந்த ஊரில் இரண்டு வேலைகள் உண்டு. குப்பையை வகை பிரித்து வாரம் ஒருமுறை வாசலில் வைப்பது, நடப்பது. நடக்கப் போன இடத்தில்தான் விழுந்த மரங்களைப் பார்த்தேன்.

பேருந்து கடைசியாக நிற்கும் இடத்திலேயே காடு தொடங்கிவிடுகிறது. செடார், டக்ளஸ் ஃபர் என்று கோயில் கோபுரங்களைவிட உயரமான மரங்கள். குளிர்காலப் புயலில் சில வேரோடு சாயும். சாய்ந்ததை யாரும் எடுப்பதில்லை. உயிருள்ளதோ செத்ததோ, ஒரு சுள்ளியைக்கூட எடுக்கக் கூடாது என்பது பூங்கா விதி. பாதையை மறித்தால் மறித்த அளவுக்கு மட்டும் அறுத்து வழிவிடுவார்கள். மிச்சம் கிடந்த இடத்திலேயே கிடந்து பாசி பிடிக்கும். அதன் முதுகில் வேறு கன்றுகள் முளைக்கும். நம் பக்கத்தில் மரம் விழுந்த சத்தம் அடங்குவதற்குள் அரிவாளோடு ஆள் வந்துவிடும். பதவியில் இருந்தபோது விழுந்த மரத்தை நேரில் பார்த்து மகஜர் எழுதப் போயிருக்கிறேன். போய்ச் சேரும்போது மகஜர் இருக்கும், மரம் இருக்காது.

முதியோர் மையத்தில் ஒரு கேமரா வகுப்புக்குப் போனேன். கேமராவை மகள் வாங்கித் தந்தாள். பறவை, பூ, பேரப்பிள்ளைகள் என்று ஆளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள். நான் விழுந்த மரங்களை எடுத்துக்கொண்டேன்.

நிற்கிற மரத்தைப் படமெடுப்பது வேறு, கிடக்கிற மரத்தைப் படமெடுப்பது வேறு. முதலில், அது படத்துக்குள் அடங்காது. வேர்ப்பக்கம் நின்றால் நுனி தெரியாது. நுனிக்குப் போனால் அங்கே உடைந்த சுள்ளிக் குவியல்தான் இருக்கும், மரமென்றே சொல்ல முடியாது. அடுத்தது வெளிச்சம். அந்தக் காட்டுக்குள் நடுப்பகலிலும் விளக்கு வைக்கிற நேரத்து வெளிச்சம்தான். ஆனால் பெரிய மரம் விழுந்த இடத்தில் மட்டும் மேலே கூரை பிய்ந்து வானம் நேராக இறங்கும். கேமராவுக்கு இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரியாது. வெயில் பட்ட இடத்துக்கு அளந்தால் அடிமரம் கரித்துண்டாகிவிடும். அடிமரத்துக்கு அளந்தால் வெயில் பட்ட இடம் வெள்ளையடித்த சுவராகிவிடும். அதனால் மேகம் மூடிய, காற்று அடங்கிய நாளாகப் பார்த்துப் போக வேண்டும். கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஷட்டரை இரண்டு மூன்று விநாடி திறந்து வைக்க வேண்டும். அந்த நேரத்தில் அசையாமல் இருப்பது மட்டும்தான் தெளிவாக விழும். ஓடை பாலாகிவிடும். நடந்து போகிறவர் புகை மாதிரி ஆகிவிடுவார். வேகமாக நடந்தால் படத்தில் இருக்கவே மாட்டார்.

மரத்தின் பருமனைக் காட்டப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும். அதற்கு என் மனைவி சரசு. சேலைக்கு மேல் மகளின் பழைய மழைக்கோட்டு, கையில் ஃபிளாஸ்க். பிடுங்கிக்கொண்ட வேர்கள் அவளுக்குப் பின்னால் இரண்டாள் உயரத்துக்குச் சுவராக நிற்கும்.

“ரேசன் கடையில நின்னது பத்தாதுன்னு இங்கயும் நிக்க வெக்கறீங்க” என்பாள். ஆனாலும் அசையாமல் நிற்பாள். அவள் அளவுக்கு அசையாமல் நிற்கத் தெரிந்தவர்களை நான் பார்த்ததில்லை.

3

சரசுவின் அண்ணன் மகன் முருகேசன் நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறை வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தையிடம் பேசுவான். மாசியில் ஒரு ஞாயிறு, டீசல் விலை, முட்டை விலை, யார் வீட்டுக் கல்யாணம் என்று எல்லாம் பேசிவிட்டுக் கடைசியாக, ராசிபுரம் ரோட்டு வளைவில் நின்ற ஆணிப் புளியை அறுத்துவிட்டார்கள் என்றான். இனிமேல் பஸ் சீக்கிரம் போகும் என்று சந்தோஷமாகத்தான் சொன்னான். சரசு போனை என்னிடம் கொடுத்துவிட்டு அடுப்பை அணைக்கப் போனாள். அடுப்பு எரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை காட்டில் அவளை வேர்களின் அருகே நிறுத்தி மூன்று விநாடி திறந்தேன். நல்ல மேகம், துளி காற்றில்லை. வீட்டுக்கு வந்து படத்தை டிவியில் பெரிதாகப் போட்டபோது கவிதா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“அப்பா, அம்மா பக்கத்துல யாரு?”

சரசுவின் இடப்பக்கம், ஒரு முழம் தள்ளி, இன்னொரு பெண் நின்றிருந்தாள். முகம் தெரியவில்லை. அவள் ஊடாகப் பின்னாலிருந்த பாசி தெரிந்தது. தலை மட்டும் சரசுவின் பக்கம் சற்றுச் சாய்ந்திருந்தது.

நான் விளக்கம் சொன்னேன். அம்மா முதலில் அந்த இடத்தில் நின்றிருக்கிறாள், பிறகு இந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறாள், ஒரே ஆள் இரண்டு முறை பதிந்துவிட்டது. மெதுவான ஷட்டரில் இது வழக்கம். கவிதா உடனே ஒப்புக்கொண்டாள். முதலில் கேட்டவள் அவள்தான் என்பதை அதன் பிறகு அவள் ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை.

சரசு ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து டிவியின் முன்னால் நின்றாள். வெகுநேரம் பார்த்தாள்.

“நான் நகரலீங்க” என்றாள். பிறகு, “அக்கா எளைச்சுப் போயிட்டா.”

4

சரசுவுக்குப் பூவாயி என்று ஓர் அக்கா இருந்ததும், தன் கல்யாணம் நிச்சயமான வருடத்தில் அவள் தோட்டத்துக் கிணற்றில் விழுந்து இறந்ததும் எனக்குத் தெரியும். நான் பெண் பார்க்கப் போனபோதே சொன்னார்கள். கால் தவறிவிட்டது என்றார்கள். சொல்லாமல் விட்டதைச் சரசு அன்று சாயங்காலம் சொன்னாள்.

அக்கா இறந்த சில மாதங்களில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த சரசுவுக்கு அக்காவின் குரல் வந்திருக்கிறது. அக்காவின் கண்ணாடி வளையல்களைக் கேட்டு அழுதிருக்கிறாள். அக்காவைப் போலவே சோற்றைப் பிசைந்திருக்கிறாள். ஒருநாள் பங்காளிகள் எல்லோரும் கூடியிருந்தபோது நடுவில் வந்து நின்று, “நான் தவறி உழுகல” என்று ஆரம்பித்திருக்கிறாள். மேற்கொண்டு என்ன சொன்னாள், எவ்வளவு சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. கேட்டவர்கள் யாரும் பிறகு சொல்லவில்லை. இப்போது அவர்களில் ஒருவரும் உயிரோடு இல்லை.

மறுநாளே கோடாங்கியைக் கூட்டி வந்துவிட்டார்கள். உடுக்கை அடித்து, தலையில் கல்லை ஏற்றி, ரோட்டுக்கு ஓடவிட்டு, புளியமரத்தில் அவளுடைய உச்சிமுடியில் ஒரு கொத்தை வைத்து ஆணி அடித்து, முடியை அறுத்து அவளை வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். பிடித்திருந்தது முடியோடு மரத்தில் தங்கிவிடும். அந்தப் பக்கத்தில் அது வழக்கம். அந்த மரத்தில் அப்படிப் பல பெண்களின் ஆணிகள் இருந்தன. அதனால்தான் அது ஆணிப் புளி. அதற்கப்புறம் சரசு ஒழுங்காகப் படித்தாள், ஒழுங்காக எனக்கு வாழ்க்கைப்பட்டாள்.

சேலம் சூரமங்கலத்தில் குடியிருந்த காலத்தில் அவள் பிறந்த ஊருக்கு ராசிபுரம் பஸ்ஸில் போவோம். அந்த வளைவு வருவதற்கு முன்னால் ஜன்னலோரத்தை எனக்கு விட்டுக்கொடுத்து இடம் மாறிக்கொள்வாள். புருஷனுக்குக் காற்று வரட்டும் என்று செய்கிறாள் என நினைத்திருந்தேன்.

பயந்துவிட்டாள் என்று எண்ணிப் படித்தவன் பேசுகிறதையெல்லாம் பேசினேன். வேடிக்கையும் செய்தேன். மனைவியின் அக்காவுக்குக் குடும்ப விசா கிடையாது, விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

“எனக்கென்னங்க பயம்? எங்கக்கா. அவ பேசத்தான் வந்தா. பேச உடாம ஆணி அடிச்சுப்போட்டாங்க. வெச்சு அடிச்சது என்ற முடி. இப்ப மரத்த அறுத்து எங்க கொண்டுபோய்ப் போட்டாங்களோ, ஆணி அதுல தான இருக்கும். இத்தன தொலவு வந்தும் ஒரு வார்த்த பேசுனாளா பாருங்க.”

5

இதற்கு நடுவில் ஆஸ்பத்திரி. சரசுவின் இதயத்தில் ஒரு வால்வு இறுகிப் போயிருந்தது. மாற்றியாக வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கு ஆபத்து என்றார் டாக்டர். சம்மதத்தை நோயாளியிடமே நேரில் கேட்க வேண்டும் என்பது இங்குள்ள நடைமுறை. நான் கணவன் என்று பேனாவை எடுத்தபோது அன்போடு ஒதுக்கிவிட்டார்கள். கவிதா மொழிபெயர்க்க, நர்ஸ் கேட்டார்.

சரசு சொன்னாள்: “அக்கா காரியம் முடியாம நான் மேசையில படுக்க மாட்டேன். நான் பாட்டுக்குப் போய்ச் சேந்துட்டா அவள அவுத்து உடறதுக்கு ஆரும் இல்ல.”

கவிதா இங்கே வேலைக்கு வந்து, இங்கேயே ஆங்கிலத்தில் கனவு காண்கிற அளவுக்கு ஆகிவிட்டவள். அம்மாவின் தமிழ் அவளுக்கு முழுதாகப் புரியும். அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னால் எந்தப் பிரிவு டாக்டரைக் கூப்பிடுவார்கள் என்பதும் புரியும். கடைசியில், அம்மா தன் அக்காவைக் கலந்துகொண்டுதான் முடிவு சொல்வார் என்றாள். நர்ஸ் மரியாதையோடு தலையசைத்து அதைக் கணினியில் பதிந்துகொண்டார்.

அதன் பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும்போதெல்லாம் முதல் கேள்வி, அக்காவிடமிருந்து பதில் வந்ததா என்பதுதான். இன்னும் இல்லை என்று கவிதா சொல்வாள். ஒருமுறை போனை வைத்துவிட்டு, “நான் பொய் சொல்லலைதானேப்பா?” என்று கேட்டாள்.

6

அந்த வாரம்தான் மனுவை எழுதினேன். கையெழுத்திட்டு முருகேசனுக்கு அனுப்ப, அவன் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டிப் பதிவுத் தபாலில் சேர்த்தான். முப்பது நாள் கழிந்தது. பிரிவு 19-ன் கீழ் முதல் மேல்முறையீடு போட்டேன். அதற்கும் பதில் இல்லை. ஏன் இல்லை என்று என்னால் இங்கிருந்தே சொல்ல முடியும். தபாலைப் பிரித்த உதவியாளர் படித்துப் பார்த்து, ‘ஆணிகள்’, ‘உறவினர்’ என்ற இரண்டு சொற்களில் விஷயத்தைப் புரிந்துகொண்டு அடுத்த மேசைக்குத் தள்ளியிருப்பார். அந்த மேசைக்காரருக்கும் சொந்த ஊர் அதே பக்கம்தான் இருக்கும். எந்தக் கோப்பாக இருந்தாலும் யார் பெயரில் பதில் போகிறது என்பது முக்கியம். இந்தக் கோப்பில் ரொம்ப முக்கியம்.

சனிக்கிழமைகளில் காட்டுக்கு வருவதைச் சரசு நிறுத்தவில்லை. மூச்சு வாங்கியது. பேருந்து நிறுத்தத்திலிருந்து அந்த மரத்துக்கு வருவதற்குள் பலமுறை உட்கார்ந்தாள். அந்த ஒரு மரத்தைத் தவிர வேறு எதன் அருகிலும் நிற்க மறுத்தாள்.

“இன்னுங் கொஞ்ச நேரம் தெறந்து வெய்யுங்க” என்பாள்.

லென்ஸின் முன்னால் வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டி, விநாடிகளைக் கூட்டிக்கொண்டே போனேன். ஷட்டர் திறந்திருக்கும்போது எனக்கு வேலை ஏதுமில்லை, பார்த்துக்கொண்டு நிற்பதுதான். அவள் வலப்பக்கமாக ஒதுங்கி நிற்பாள், பஸ் சீட்டில் இன்னொருவருக்கு இடம் விடுவது போல. சில படங்களில் இடப்பக்கம் ஏதோ படிந்திருந்தது. பலவற்றில் வெறும் பாசிதான். மூச்சு வாங்கும்போது உடம்பு அசையும், பனி நகரும், லென்ஸில் ஈரம் கோக்கும். விளக்கங்களுக்குக் குறைவே இல்லை. ஆனால் கேமராவைத் திருப்பும்போதே இடப்பக்கம் ஓர் ஆள் அளவுக்கு இடம் விட நானும் பழகியிருந்தேன். அப்படிச் செய்யச் சொல்லி என்னிடம் யாரும் கேட்கவில்லை.

அடிமரத்தைக் கண்டுபிடித்தவன் முருகேசன். மரத்தை ஏலம் எடுத்தவர் கிளையையும் நடுமரத்தையும் ஏற்றிப் போய்விட்டார். அடிமரத்தை எந்த மில்லிலும் அறுக்க மறுத்துவிட்டார்கள், ஆணி பட்டால் ரம்பம் போய்விடும் என்று. அதனால் அதை அலுவலகத்திலேயே தள்ளிவிட்டார்கள். மனு கிடந்த அதே அலுவலகம்தான். பின்பக்கம், வேப்ப மரங்களுக்கு அடியில், பழைய தார் டிரம்களுக்கு நடுவே கிடந்தது. மனு இருந்த அறையின் ஜன்னலைத் திறந்திருந்தால் முதல் வினாவுக்கு நாற்காலியை விட்டு எழாமலே பதில் எழுதியிருக்கலாம்.

வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினான். நடுப்பகலில் எடுத்தது. வேப்பிலை வழியாக வெயில் பொத்தல் பொத்தலாக விழுந்து, மரம் சிறுத்தைத் தோல் போலத் தெரிந்தது. ஆணி இருக்கும் தடமே இல்லை. அந்த வெளிச்சத்தை நான் நன்றாக அறிவேன். காலையில் போ, வெயில் சாய்வாக வரும், மரத்தின் மேல் ஒரு வாளி தண்ணீர் ஊற்று, படத்தைப் பக்கவாட்டில் நின்று எடு என்று சொல்லிக்கொடுத்தேன்.

“ஏனுங் மாமா, என்ற கல்யாண போட்டோவுக்குக்கூட இத்தன பாடு படலீங்க” என்றான்.

இரண்டாவது படத்தில் தெரிந்தன. பட்டை முழுக்கத் தொப்புள் தொப்புளாகக் குழிகள். மரம் பருக்கப் பருக்க ஆணிகளை உள்ளே விழுங்கியிருந்தது. மேலே, கீழே, ஒன்றின் மேல் ஒன்றாக. ஊருக்குள் எத்தனை பெண்கள் பேச வந்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

இதில் அத்தையுடையது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று முருகேசன் கேட்டான். சரசு போனை வாங்கிக்கொண்டாள்.

“எல்லாத்தையும் எடுத்துப்போடு சாமி.”

“மத்தவங்க ஊட்டுப் பேயெல்லாம் நமக்கெதுக்குங்க அத்த?”

“அவளுகளும் ஆரோட அக்காளோதான. போகட்டும்.”

நான் குறுக்கிட்டேன். அது அரசு உடைமை, எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் உளி வைத்தால் வழக்கு வரும், மூன்றாவது வினாவே அதற்காகத்தான் கேட்டிருக்கிறேன் என்று சொன்னேன்.

“நீங்க பாட்டுக்கு பர்மிசன் கேட்டுக்கிட்டே இருங்க மாமா. ஞாயித்துக்கெழம ஆபீசு லீவுதானுங்களே” என்றான்.

பட்டறை ஆட்கள் ஒருவரும் கூட வரவில்லை. வாட்ச்மேனிடம் கூண்டுக்கு மரம் பார்க்க வந்ததாகச் சொல்லிவிட்டு, உளியும் ஆணி புடுங்கியுமாகத் தனியாகவே உட்கார்ந்து எடுத்திருக்கிறான். எடுத்ததைத் துணியில் முடிந்து மோகனூர் போய்க் காவிரியில் விட்டு, முழுகிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறான். பேசும்போது வழக்கமான கேலி இல்லை. ஆணியைச் சுற்றி மரம் ரத்தம் கட்டியது போலக் கறுத்திருந்தது என்றான். இரும்பும் புளியமரமும் சேர்ந்தால் அந்த நிறம் வரும் என்றேன். தெரியும் என்றான்.

“கூண்டு வேலையில தெனமும் ஆணி புடுங்கறவன் மாமா நானு. எல்லா ஆணியும் வாரப்ப கத்தும். இது அந்தச் சத்தம் இல்லீங்க.”

மறுநாள் காலை சரசு கவிதாவிடம் ஆஸ்பத்திரிக்குப் போன் போடச் சொன்னாள். அக்கா சம்மதித்துவிட்டார் என்று கவிதா அவர்களிடம் சொன்னாள். மறுமுனையில் இருந்த நர்ஸ் அக்காவுக்கு நன்றி சொன்னாராம்.

7

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளியும் அறைக்குள் எங்களை விடவில்லை. வெளியே நடைக்கூடத்தில் கவிதாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். வெகுநேரம் கழித்து ஒரு நர்ஸ் வந்தார். முகத்தில் தயக்கம் இருந்தது.

உங்கள் மனைவி கண்ணைத் திறக்காமலே நீண்ட நேரம் பேசினார் என்றார். வலியா என்று பார்த்தோம், அப்படித் தெரியவில்லை. நடந்த ஒன்றை முதலிலிருந்து கடைசிவரை யாருக்கோ எடுத்துச் சொல்வது போல இருந்தது. குரல்கூட இளம்பெண்ணின் குரல் மாதிரி இருந்தது. தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டோம், அவர் இணைப்பில் வருவதற்குள் உங்கள் மனைவி பேச்சை நிறுத்திவிட்டார். எங்களில் யாருக்கும் உங்கள் மொழி தெரியாமல் போய்விட்டது, மன்னிக்க வேண்டும் என்றார்.

மயக்க மருந்தில் எத்தனையோ பேர் பிதற்றுவார்கள். தொண்டையில் குழாய் விட்டு எடுத்தால் குரல் மாறும். எல்லாம் தெரியும். அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். தமிழ் தெரிந்த இரண்டு பேர் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தோம்.

சரசுவுக்கு எதுவும் நினைவில்லை. நர்ஸ் சொன்னதை நான் சொன்னபோது, “சொல்லி முடிச்சாளாமா?” என்று மட்டும் கேட்டாள். முடித்ததாகத்தான் சொன்னார்கள் என்றேன். கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் வீட்டுக்கு வந்து, படி ஏறப் பழகி, சமையலறையை மறுபடி தன் கைக்குக் கொண்டுவந்த பிறகு, ஒருநாள் அஞ்சல் பெட்டியில் பழுப்பு உறை ஒன்று கிடந்தது. தபால்தலை போதாமல் எங்கெங்கோ சுற்றி வந்திருந்தது. அவள் மேசையில் அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே படித்தேன்.

வினா 1: மேற்படி அடிமரம் இவ்வலுவலக வளாகத்தில் உள்ளது. வினா 2: நேரில் தணிக்கை செய்யப்பட்டது, மேற்படி அடிமரத்தில் இரும்பு ஆணிகள் ஏதும் காணப்படவில்லை. வினா 3: எழவில்லை.

குறை சொல்ல முடியாத பதில். ஒரு சொல் பொய்யில்லை. நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் இதைத்தான் எழுதியிருப்பேன்.

இரண்டாவதை இன்னொருமுறை படிக்கச் சொன்னாள். படித்தேன்.

“கையெழுத்துப் போட்டிருக்குதுங்களா?”

“போட்டிருக்கு.”

“சீலு?”

“அதுவும் இருக்கு.”

“அப்பப் போயிட்டா” என்றாள். உரித்த அவரைக்காயை அப்படியே விட்டுவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அக்காவுக்காக அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

அவள் அழுது ஓயும்வரை நான் என்ன செய்வதென்று தெரியாமல், வந்த தபாலுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தேன். பேனாவை எடுத்து, உறையின் மூலையில் பெறப்பட்ட நாளைக் குறித்துச் சுருக்கொப்பமிட்டேன்: நவம்பர் ஏழு, வெள்ளிக்கிழமை.